கான்ட்ராஸ்ட் ஊசிக்குப் பின் தைராய்டு: ஸ்கேன் எழுதித் தருபவர்களுக்கும் எடுப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கதிரியல் மருத்துவர்களுக்கும், சிடி ஸ்கேனும் ஆஞ்சியோகிராமும் எழுதித் தரும் இதயநோய், அறுவை சிகிச்சை, பொதுநல மருத்துவர்களுக்கும், ஸ்கேன் அறையில் ஊசி போடும் பணியாளர்களுக்கும் வணக்கம்.

நான் கேட்க வந்தது சிறிய விஷயம். ஸ்கேன் படத்தில் இரத்தக் குழாய்களைத் தெளிவாகக் காட்டப் போடும், அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் ஊசியைப் போட்டுக்கொள்பவர்களில் யாருடைய தைராய்டு தடுமாறக்கூடும் என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிட முடியும். அவர்களை அடையாளம் கண்டு, ஊசி போட்ட விவரத்தை எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். சில வாரங்கள் கழித்து, தைராய்டின் இயக்கத்தைக் காட்டும் டிஎஸ்எச் என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். இதற்குப் புதிய கருவி வேண்டாம், புதிய மருந்து வேண்டாம். ஒரு படிவத்தில் சில கேள்விகளும், ரிப்போர்ட்டில் ஒரு வரியும் போதும். அந்த ஒரு வரி இல்லாததால் ஒரு குடும்பம் எவ்வளவு அலைந்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் வேண்டாம் என்றோ கான்ட்ராஸ்ட் ஆபத்தான விஷம் என்றோ நான் சொல்லவில்லை. நுரையீரல் இரத்தக் குழாயில் அடைப்பு, வயிற்றுக்குள் இரத்தக் கசிவு, மூளைக்குப் போகும் குழாயில் கட்டி நிற்கும் இரத்தம், இதயத் தமனியின் சுருக்கம் ஆகியவற்றை நிமிடங்களில் காட்டிக் கொடுப்பது இந்த மருந்துதான். அயோடினின் அணு எண் 53. எக்ஸ் கதிரை அது நன்றாக உறிஞ்சுகிறது. அதனால்தான் இரத்தக் குழாய் படத்தில் வெள்ளையாக எழுந்து நிற்கிறது. 1920களில் பால்வினை நோய்க்குச் சோடியம் அயோடைடு கொடுக்கப்பட்டபோது, நோயாளிகளின் சிறுநீர்ப்பை எக்ஸ்ரேயில் தெரிவதைக் கவனித்தவர்களிடமிருந்து தொடங்கியது இந்த வரலாறு. பிறகு பென்சீன் வளையத்தில் மூன்று அயோடின் அணுக்களைக் கோத்த மருந்துகள் வந்தன. சுவீடனின் கதிரியல் மருத்துவர் டோர்ஸ்டன் அல்மேன் 1960களின் இறுதியில் முன்வைத்த யோசனையால், உடலுக்கு இதமான அயனியற்ற வகைகள் பிறந்தன. இன்று எத்தனையோ உயிர்கள் இந்த ஊசியால் பிழைக்கின்றன. என் தாயாரும் அப்படிப் பிழைத்தவர்தான்.

இருந்தாலும் அதில் இருப்பது அயோடின். உடலில் அயோடினுக்கென்றே காத்திருக்கும் உறுப்பு தைராய்டு. இந்த இரண்டு வாக்கியங்களும் உங்கள் எல்லோருக்கும் முதலாமாண்டுப் பாடத்திலிருந்தே தெரியும். ஆனால் ஸ்கேன் அறைக்குள் இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

அளவைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 250 மைக்ரோகிராம். கான்ட்ராஸ்ட் மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 300 முதல் 370 மில்லிகிராம் வரை அயோடின் இருப்பது வழக்கம். 350 மில்லிகிராம் செறிவுள்ள மருந்தில் 100 மில்லிலிட்டர் போட்டால் 35 கிராம் அயோடின் உடலுக்குள் போகிறது. இந்த 35 கிராமை 150 மைக்ரோகிராமால் வகுத்து, அறுநூறு ஆண்டுத் தேவை என்று சொல்லிப் பயமுறுத்தலாம்; சிலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அது நேர்மையான கணக்கு அல்ல. இந்த அயோடினில் பெரும்பகுதி மூலக்கூறோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஏறத்தாழ ஒரே நாளில் வெளியேறிவிடுகிறது. தைராய்டால் அதைத் தொட முடியாது.

தைராய்டைத் தொடுவது இரண்டு சிறிய பங்குகள். மருந்துக் குப்பியிலேயே கட்டற்ற அயோடைடாக இருக்கும் துளி ஒன்று. உடலுக்குள் மூலக்கூறிலிருந்து கழன்று வரும் துளி இன்னொன்று. மொத்தத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை. ஆனால் அவை மில்லிகிராம் கணக்கில் வருபவை. நம் அன்றாடத் தேவையோ மைக்ரோகிராம் கணக்கு. மூன்றே மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டாலும் 20 நாள் தேவை ஒரே நேரத்தில் வந்து இறங்குகிறது. உண்மையில் இதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். இந்த மிகுதி உடலைவிட்டு முழுதும் நீங்க வாரங்கள் ஆகின்றன. 2013இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தைராய்டு நலமாக இருந்தவர்களின் சிறுநீரில் அயோடின் அளவு பழைய நிலைக்குத் திரும்ப நடுமதிப்பாக 43 நாட்கள் பிடித்தன. நாலில் ஒருவருக்கு இரண்டு மாதங்களுக்கும் மேல் ஆனது. ஸ்கேன் எடுத்த நாளோடு எல்லாம் முடிந்தது என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது.

பெரும்பாலானோருடைய தைராய்டு இந்த வெள்ளத்தைச் சமாளித்துவிடுகிறது. ஜான் வுல்ஃப், இஸ்ரேல் சைக்கோஃப் என்ற இருவர் 1948இல் காட்டிய விஷயம் இது: அயோடின் அளவு மிதமிஞ்சிப் போனால், தைராய்டு ஹார்மோன் தயாரிப்பையே நிறுத்திவைக்கிறது. சில நாட்களில், அயோடினை உள்ளே இழுக்கும் வாயில்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு மறுபடியும் வேலையைத் தொடங்குகிறது. முதலாவது தற்காப்பு; இரண்டாவது அந்தத் தற்காப்பிலிருந்து மீள்தல். இரண்டும் ஒழுங்காக நடந்தால் ஊசி போட்டுக்கொண்டவருக்கு எதுவுமே தெரியாது.

மீள முடியாத தைராய்டுகள் இருக்கின்றன. ஹாஷிமோட்டோ எனப்படும் தன்தடுப்பு அழற்சி (உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் நோய்) உள்ளவர்கள், தைராய்டின் ஒரு பாதியை அறுவை சிகிச்சையில் இழந்தவர்கள், பிரசவத்துக்குப் பின் தைராய்டு அழற்சி வந்து போனவர்கள், குறைமாதக் குழந்தைகள் ஆகியோருக்குத் தயாரிப்பு நின்றது நின்றபடியே இருந்துவிடலாம். அதுதான் குறைசுரப்பு. மாறாக, நிறுத்தவே தெரியாத தைராய்டுகளும் இருக்கின்றன. பல ஆண்டுகளாகக் கழுத்தில் முடிச்சுகளோடு கழலை இருப்பவர்களுக்கு, அந்த முடிச்சுகளில் சில மூளையின் கட்டளைக்குக் காத்திராமல் தாமாகவே ஹார்மோன் சுரக்கும். அயோடின் குறைவாகக் கிடைக்கும்வரை அவை அடங்கியிருக்கும். ஒரே நாளில் அளவுக்கு மீறி அயோடின் வந்தால் கட்டுப்பாடின்றிச் சுரக்கத் தொடங்கும். அதுதான் மிகைச்சுரப்பு. உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தூண்டி மிகையாகச் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோய் மறைந்திருந்தால், அதுவும் இப்படித் தலைகாட்டலாம். இது இன்று நேற்றுக் கண்டுபிடித்தது அல்ல. அயோடின் என்ற தனிமம் 1811இல்தான் கண்டறியப்பட்டது. 1820இல் ஜெனீவாவின் மருத்துவர் குவாந்தே அதைக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார். அடுத்த ஆண்டே, அதைச் சாப்பிட்ட சிலருக்குப் படபடப்பும் மெலிவும் வந்ததை அவரே பதிவு செய்தார். இருநூறு ஆண்டுகளாக நமக்குத் தெரிந்த ஆபத்து இது.

இனி என் தாயாரைப் பற்றி. அறுபத்தைந்தைத் தாண்டியவர். கழுத்தில் பல்லாண்டுக் கழலை, பார்த்தாலே தெரியும். வலியில்லை, தொந்தரவில்லை என்று அப்படியே விட்டிருந்தோம். நெஞ்சு வலி வந்தபோது ஆஞ்சியோகிராம் செய்து, அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதைச் செய்த மருத்துவர்களுக்கு நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள். வீடு திரும்பி இரண்டு மாதம் போல நன்றாக இருந்தார். பிறகு தூக்கம் போயிற்று. நெஞ்சு படபடத்தது. தம்ளரைப் பிடிக்கும் கை நடுங்கியது. இதயநோயாளிக்குப் படபடப்பு வந்தால் எங்கே போவார்கள்? இதய மருத்துவரிடம்தான் போனோம். இசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பு தெரிந்தது. மாத்திரையின் அளவு கூடியது, இரத்தம் உறையாமலிருக்க இன்னொரு மாத்திரை சேர்ந்தது. காரணம் இதயத்திலேயே தேடப்பட்டது.

உடம்பு மெலிந்துகொண்டே போனது. நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்தால் யாருக்கும் முதலில் வரும் சந்தேகம் புற்றுநோய்தான். எங்கே கட்டி ஒளிந்திருக்கிறது என்று பார்க்க நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சிடி ஸ்கேன் எழுதினார்கள். கான்ட்ராஸ்ட் ஊசியோடு. அயோடினால் வந்த நோய்க்குக் காரணம் தேடி, இன்னும் முப்பது கிராமுக்கு மேல் அயோடின் ஏற்றப்பட்டது. அதைத் தடுத்திருக்கக்கூடிய ஒரு சீட்டு அந்தக் கோப்பில் எங்குமே இல்லை. ஆஞ்சியோகிராமின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டென்ட்டின் நீளமும் விட்டமும் கம்பெனிப் பெயரும் இருந்தன. செலுத்திய கான்ட்ராஸ்ட் மருந்தின் பெயரும் இல்லை, அளவும் இல்லை.

புற்றுநோய் எதுவும் இல்லை. அதற்குள் நிலைமை மோசமாகிவிட்டது. கடைசியில் பணி நேரத்தில் வந்து பார்த்த இளம் மருத்துவர் ஒருவர், அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சமீபத்தில் ஆஞ்சியோகிராம் ஏதாவது எடுத்தீர்களா அம்மா?" என்று கேட்டார். மறுநாள் வந்த டிஎஸ்எச் முடிவு அளவிட முடியாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. தைராய்டு மிகையாகச் சுரந்தால் டிஎஸ்எச் தாழ்ந்துவிடும். அந்த ஒரு கேள்வியை இரண்டு மாதம் முன்னரே யாராவது கேட்டிருக்கலாம்.

சிகிச்சையும் எளிதாக இருக்கவில்லை. அயோடின் நிரம்பிக் கிடக்கும் தைராய்டில், ஹார்மோன் தயாரிப்பைத் தடுக்கும் மாத்திரைகள் மெதுவாகத்தான் வேலை செய்கின்றன. கதிரியக்க அயோடின் கொடுத்து அடக்கலாம் என்றால், ஏற்கெனவே நிறைந்திருக்கும் சுரப்பி அதை உள்ளே எடுத்துக்கொள்ளாது. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். குணமானார். இந்தக் கடிதத்தை ஆத்திரத்தில் எழுதவில்லை. அந்தக் காலம் கடந்துவிட்டது. அதே வரிசையில் இப்போது வேறு யாரோ ஒருவரின் தாயார் நின்றுகொண்டிருப்பார் என்பதால் எழுதுகிறேன்.

அந்த நாட்களில் எனக்குப் புரிந்தது, இதில் தனியொருவரின் அலட்சியம் என்று எதுவும் இல்லை என்பதுதான். கதிரியல் மருத்துவர் நோயாளியை அரைமணி நேரம் பார்க்கிறார். விளைவு வெளிப்படும்போது நோயாளி அவர் கண்ணுக்கே எட்டாத இடத்தில் இருக்கிறார். எழுதிக் கொடுத்த மருத்துவர் கான்ட்ராஸ்டை மருந்தாக நினைப்பதில்லை. ஸ்கேனின் ஒரு பகுதியாக நினைக்கிறார். சில மாதங்கள் கழித்துக் களைப்பு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை என்றோ, படபடப்பு, மெலிவு என்றோ வரும் நோயாளியைக் குடும்ப மருத்துவர் பார்க்கும்போது, நடுவில் ஒரு ஊசி போடப்பட்டதே அவருக்குத் தெரியாது. "என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்ற கேள்விக்கு எந்த நோயாளியும் "ஸ்கேனில் போட்ட ஊசி" என்று பதில் சொல்வதில்லை. மூன்று பேரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்திருப்பார்கள். தகவல் மட்டும் யாரிடமும் போய்ச் சேர்ந்திருக்காது.

இது எத்தனை பேருக்கு நடக்கிறது? அதிகமில்லை என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். பாஸ்டன் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கான்ட்ராஸ்ட் பெற்றவர்களுக்குப் புதிதாக மிகைச்சுரப்பு வரும் வாய்ப்பு, பெறாதவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்காகத் தெரிந்தது. இரு மடங்கு என்பது பெரிதாகக் கேட்டாலும், அடிப்படை எண் சிறியது என்பதால் தனிமனிதருக்கான ஆபத்து குறைவுதான். ஆனால் அந்த ஆபத்து எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. முப்பது வயதில் நலமான தைராய்டோடு விபத்தில் அடிபட்டு வருபவருக்கு ஏறக்குறைய எதுவும் நேராது. எழுபது வயதில் கழலையும் பலவீனமான இதயமும் உள்ளவருக்கு அதே ஊசி பல மாத நோயாகலாம். அரிதாகத் தைராய்டு புயல் எனப்படும் உயிராபத்தான நிலை வரைக்கும் போகலாம். சராசரியைக் காட்டி இரண்டாமவரை ஆறுதல்படுத்த முடியாது.

உங்கள் ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பாருங்கள். சிறுநீரகம் பற்றிய கேள்வி இருக்கும். கிரியாட்டினின் கேட்பீர்கள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா என்று கேட்பீர்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை எல்லாம் கேட்பீர்கள். இவை நியாயமானவை. பல படிவங்களில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: மீன், இறால், நண்டு சாப்பிட்டால் ஒவ்வாமை வருமா? இந்தக் கேள்விக்கு அறிவியல் அடிப்படை இல்லை. இறால், நண்டு ஒவ்வாமைக்குக் காரணம் அவற்றின் புரதம், அயோடின் அல்ல. கான்ட்ராஸ்டுக்கு வரும் ஒவ்வாமையும் அயோடின் என்ற தனிமத்துக்கு எதிரானது அல்ல. கதிரியல் அமைப்புகளே இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் அந்தக் கேள்வி தலைமுறைகளாக அச்சில் நிற்கிறது. அயோடினால் உண்மையிலேயே பாதிக்கப்படும் உறுப்பைப் பற்றிய கேள்விக்கு இடம் கிடைப்பதில்லை. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அந்த வரியை எடுத்துவிட்டு, கழுத்தில் வீக்கமோ கழலையோ உண்டா, தைராய்டுக்கு எப்போதாவது சிகிச்சை அல்லது அறுவை சிகிச்சை நடந்ததா, அமியோடரோன் மாத்திரை சாப்பிடுகிறாரா, சில வாரங்களில் கதிரியக்க அயோடின் சிகிச்சை ஏதும் திட்டமிடப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அமியோடரோனை ஏன் சேர்க்கிறேன் என்றால், அதன் எடையில் ஏறக்குறைய 37 சதவீதம் அயோடின். இதயத் துடிப்பைச் சீராக்க அதைச் சாப்பிடுகிறவர்களே ஆஞ்சியோகிராமுக்கும் அடிக்கடி வருகிறவர்கள். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால் எதனால் எது வந்தது என்று பிரித்தறிவதே கடினமாகிவிடும்.

எல்லோருக்கும் ஸ்கேனுக்கு முன் தைராய்டு பரிசோதனை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஐரோப்பியச் சிறுநீரக, இனப்பெருக்க உறுப்புக் கதிரியல் சங்கத்தின் வழிகாட்டுதலும் அப்படிச் சொல்லவில்லை. நலமான தைராய்டு உள்ளவர்களுக்கு வழக்கமான பரிசோதனை தேவையில்லை என்கிறது. அதே வழிகாட்டுதல், வெளிப்படையான மிகைச்சுரப்பு உள்ளவர்களுக்கு இந்த மருந்தைத் தரக்கூடாது என்றும், கிரேவ்ஸ் நோய் உள்ளவர்களும் முடிச்சுகள் தாமாகச் சுரக்கும் கழலை உள்ளவர்களும், குறிப்பாக அவர்கள் முதியவர்களாக இருந்தால், கூடுதல் ஆபத்தில் இருப்பவர்கள் என்றும் சொல்கிறது. நானும் அந்தப் பிரிவினரைப் பற்றித்தான் பேசுகிறேன். அவசரமில்லாத ஸ்கேன் என்றால் முன்பாக ஒரு டிஎஸ்எச் பார்த்துவிடலாம். தாழ்ந்திருந்தால், கான்ட்ராஸ்ட் இல்லாமலோ அல்ட்ராசவுண்டிலோ எம்ஆர்ஐயிலோ விடை கிடைக்குமா என்று யோசிக்கலாம்; எம்ஆர்ஐக்குப் பயன்படும் கடோலினியத்தில் அயோடின் கிடையாது. சில நாடுகளில் இத்தகையவர்களுக்கு முன்னதாகவே பெர்குளோரேட் என்ற மருந்தைக் கொடுத்து அயோடின் உள்ளே நுழையாமல் தடுக்கிறார்கள். அது தேவையா என்பதை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் முடிவு செய்யட்டும். உயிருக்கு அவசரம் என்றால் எதற்கும் காத்திருக்க வேண்டாம். ஊசியைப் போடுங்கள், பிறகு கண்காணியுங்கள்.

கண்காணிப்பதற்கு நாள் பார்ப்பது முக்கியம். மறுநாளே டிஎஸ்எச் எடுத்துப் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்பதில் பயனில்லை. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகிறது. மாற்றங்கள் மெல்லத்தான் தெரியும். மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் ஒரு முறை பார்ப்பதும், அறிகுறி இருந்தால் அதன் பிறகும் பார்ப்பதும் நியாயமான நடைமுறையாக எனக்குப் படுகிறது. முதியவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். அவர்களுக்கு மிகைச்சுரப்பு வந்தால் பாடப்புத்தகத்தில் உள்ளபடி பரபரப்பாக இருக்க மாட்டார்கள். சோர்ந்து, சுருங்கி, பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். வயதாகிவிட்டது என்று வீட்டாரும் மருத்துவரும் சேர்ந்து முடிவுகட்டிவிடுவார்கள்.

குழந்தைகளைப் பற்றி எழுதும்போது இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை மூளை வளரும் காலம். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அந்த வளர்ச்சி தடைப்படும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2015இல் முதல் எச்சரிக்கையை வெளியிட்டது. 2022 மார்ச்சில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கான்ட்ராஸ்ட் போட்டால் மூன்று வாரங்களுக்குள் தைராய்டைப் பரிசோதிப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்றது. அது ஆராய்ந்த ஆய்வுகளில் குறைசுரப்பு 1 முதல் 15 சதவீதம் வரை பதிவாகியிருந்தது. பச்சிளங்குழந்தைகளிடமும், அதிலும் குறைமாதத்தில் பிறந்தவர்களிடமும் கூடுதலாக இருந்தது. பெரும்பாலானவை தற்காலிகமானவை, சிகிச்சை தேவைப்படாதவை. எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி குத்தி இரத்தம் எடுப்பது அதிகப்படி என்று குழந்தை நல, கதிரியல் மருத்துவர்கள் சிலர் எதிர்வாதம் வைத்தார்கள். அந்த வாதத்தை மதிக்கிறேன். ஆரோக்கியமான இரண்டரை வயதுக் குழந்தைக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்ததற்கும், குறைமாதத்தில் பிறந்து இதயக் கோளாறோடு தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு மீண்டும் மீண்டும் கான்ட்ராஸ்ட் ஏற்றுவதற்கும் வேறுபாடு உண்டு. பின்னதற்காவது யாரும் வாதாடாமல் பரிசோதனை செய்துவிடுங்கள். பிறந்தவுடன் எடுத்த தைராய்டு பரிசோதனை சரியாக இருந்தது என்பதைக் காட்டி அமைதியடைய வேண்டாம். அது ஊசிக்கு முன் எடுத்தது.

கருக்குழாய் அடைப்பைப் பார்க்கச் செய்யும் எக்ஸ்ரே பரிசோதனையை இந்தப் பேச்சில் யாரும் நினைப்பதில்லை. அதற்குச் சில இடங்களில் எண்ணெய் வடிவிலான அயோடின் மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். லிப்பியோடால் என்ற அந்த மருந்தில் மில்லிலிட்டருக்கு 480 மில்லிகிராம் அயோடின். நீரில் கரையும் மருந்து ஒரு நாளில் போய்விடும் என்றால், இந்த எண்ணெய் உடலில் தங்கி, மாதக்கணக்கில் அயோடினைச் சிறிது சிறிதாக விடுகிறது. அதே மாதங்களில்தான் அந்தப் பெண் கருத்தரிக்க முயல்கிறார். அந்தப் பரிசோதனைக்குப் பின் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் உண்மை. கருவின் தைராய்டு சுயமாக இயங்கத் தொடங்கும்வரை தாயின் ஹார்மோனை நம்பித்தான் கரு வளர்கிறது. எனவே அந்தப் பெண்களுக்கு முன்னும் பின்னும் டிஎஸ்எச் பார்ப்பதைத் தவிர்க்க எந்த நியாயமும் இல்லை. பாலூட்டும் தாய்மார்கள் விஷயத்தில் நேர்மாறாக, தேவையற்ற பயம் நிலவுகிறது. தாய்ப்பாலில் கலப்பது செலுத்திய அளவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, அதில் குழந்தையின் குடல் ஏற்பது இன்னும் சொற்பம். பாலைப் பிழிந்து கொட்டச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடலாம்.

தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கு, இந்தத் தகவல் இல்லாமல் போவதால் வேறொரு இழப்பு. கான்ட்ராஸ்ட் போட்ட பிறகு நான்கு முதல் எட்டு வாரங்கள் தள்ளித்தான் அந்தச் சிகிச்சையை வைக்க முடியும். இல்லையென்றால் மருந்து போய்ச் சேர வேண்டிய செல்களில் சேராது. தேவையான இடத்தில் அந்த ஸ்கேனைத் தவிர்க்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதலும் பரவிய நோயில் கான்ட்ராஸ்ட் ஸ்கேனை ஆதரிக்கிறது. எந்த நாளில் போட்டார்கள் என்பது தெரிந்தாலே போதும். அது பதிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே கதிரியல் துறையினரே, உங்கள் ரிப்போர்ட்டின் மேற்பகுதியிலேயே மருந்தின் பெயர், செறிவு, மில்லிலிட்டர், தேதி நான்கையும் எழுதுங்கள். பலர் "கான்ட்ராஸ்ட் செலுத்தப்பட்டது" என்றதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். ஆபத்துள்ளவர் என்று படிவத்தில் தெரிந்தால், ரிப்போர்ட்டின் கடைசியில் "சில வாரங்களில் டிஎஸ்எச் பார்க்கவும்" என்று ஒரு வரி சேருங்கள். நுரையீரலில் சிறு புள்ளி தெரிந்தால் எத்தனை மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எழுதும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. இதுவும் அதே வகை. இதயநோய் மருத்துவர்களே, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டென்ட்டின் விவரத்துக்குப் பக்கத்திலேயே கான்ட்ராஸ்டையும் ஒரு மருந்தாகக் குறியுங்கள். உங்கள் நோயாளிக்குப் புதிதாகப் படபடப்பு வந்தால், மாத்திரையைக் கூட்டும் முன் தைராய்டைப் பாருங்கள். குடும்ப மருத்துவர்களே, காரணம் தெரியாத மெலிவுக்கும் களைப்புக்கும் ஸ்கேன் எழுதுவதற்கு முன்னால், கடந்த ஆறு மாதத்தில் ஏதாவது ஸ்கேனோ ஆஞ்சியோகிராமோ எடுத்தாரா என்று கேளுங்கள்.

இதையெல்லாம் சொன்னால் நோயாளிகள் பயந்து ஸ்கேனையே மறுத்துவிடுவார்கள் என்று ஒரு மருத்துவர் என்னிடம் சொன்னார். அந்தக் கவலை உண்மையானது. பயத்தால் அவசர ஸ்கேனைத் தள்ளிப்போட்டு உயிரிழப்பவர் ஒருவர் இருந்தாலும் அது பெருந்தவறு. ஆனால் நோயாளியைப் பயமுறுத்துவது தகவல் அல்ல. தகவல் தரப்படும் விதம்தான். "இந்த ஊசியில் அயோடின் இருக்கிறது. உங்களுக்குக் கழலை இருப்பதால், இரண்டு மாதத்துக்குள் படபடப்போ கடும் சோர்வோ வந்தால் உடனே வாருங்கள். வராவிட்டாலும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்." இவ்வளவு சொல்ல அரை நிமிடம் ஆகாது. இதைக் கேட்டு யாரும் எழுந்து ஓடமாட்டார்கள். சிறுநீரகம் பற்றி எச்சரித்துக் கையெழுத்து வாங்குகிறீர்களே, அதைக் கேட்டு ஓடுகிறவர்கள் எத்தனை பேர்?

உங்களில் சிலர் இதை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படியென்றால் உங்கள் படிவத்தையும், ரிப்போர்ட்டில் நீங்கள் சேர்க்கும் வரியையும் அப்படியே மற்ற மருத்துவமனைகளின் கதிரியல் துறைத் தலைவர்களுக்கு அனுப்பிவையுங்கள். இன்னும் தொடங்காதவர்கள், அடுத்த முறை படிவம் அச்சுக்குப் போகும்போது இந்தக் கேள்விகளைச் சேர்த்துவிடுங்கள்.

மிகுந்த மரியாதையுடன்,
தைராய்டு நோயாளி ஒருவரின் மகள்